மேனேஜர் போனுக்கு வராத செய்தி

ஆலங்கோட்டை பால் குளிரூட்டும் நிலையத்தில் மூன்று பேர் வேலை பார்த்தார்கள். மூன்று பேருக்கும் சேர்த்து மூளை ஒன்றுதான். அது எந்தெந்த நாளில் யாரிடம் இருக்கும் என்பதில்தான் குழப்பம். பெரும்பாலும் தன்னிடம்தான் இருக்கிறது என்று எத்திராஜ் நம்பினான். பொன்னுரங்கமும் சூசையும் அதை மறுத்துப் பேசும் அளவுக்கு யோசித்தவர்கள் இல்லை.

அங்கே ஒரு கம்ப்யூட்டர் இருந்தது. நிலையத்தில் எது நடந்தாலும் அது குறித்துக்கொள்ளும். கதவு திறந்தால் குறிக்கும், பால் தொட்டியில் சூடு ஏறினால் குறிக்கும். குறித்ததை வெளியே கொண்டுபோய்ச் சேர்ப்பதற்கு அதற்குள் சில 'பிளகின்'கள். ஒன்று பிரிண்டருக்கு, ஒன்று அபாயச் சங்குக்கு, இன்னொன்று மேனேஜரின் போனுக்கு.

மேனேஜர் தணிகாசலம் மச்சினன் கல்யாணத்துக்குக் கிளம்பினார்.

"பால் மட்டும் கெட்டுச்சு, மூணு பேரையும் வீட்டுக்கு அனுப்பிடுவேன்" என்று சொல்லிவிட்டு பைக்கை உதைத்தார்.

"பால் கெட்டா லீவா அண்ணே?" பொன்னுரங்கத்தின் முகம் மலர்ந்தது.

"வேலை போயிடும்னு அர்த்தம்டா மடையா!" என்றான் எத்திராஜ்.

மாமனார் வாங்கிக் கொடுத்த சைக்கிளைத் திரும்பிப் பார்த்தான். இந்த வேலையைக் காட்டித்தான் அவனுக்குப் பெண் கொடுத்திருந்தார்கள். வேலை போனால் மாமனார் பெண்ணைத் திரும்பக் கேட்பாரா, சைக்கிளை மட்டும் கேட்பாரா என்று தெரியவில்லை. எதைக் கேட்டாலும் நடந்துதான் போக வேண்டும். மனைவிக்குத்தான் பஸ் ரூட்டெல்லாம் தெரியும்.

கொஞ்ச நேரத்தில் மண்டபத்திலிருந்து மேனேஜர் கூப்பிட்டார். "காலையிலேருந்து என் போனுக்கு ஒரு செய்தியும் வரலையேடா! பிளகின்னைப் பாரு. சரியா வரலைன்னா கம்ப்யூட்டர் கம்பெனிக்குப் போன் போடு."

மூவரும் சுவரைப் பார்த்தார்கள். பிளக்குகள் எல்லாம் 'இன்'னாகத்தான், சுவருக்குள்ளேயே சொருகி இருந்தன.

"உள்ளே இருக்கறதை எப்படிண்ணே பார்க்கறது? வெளியே எடுத்தாத்தானே தெரியும்?" என்றான் சூசை.

அன்றைக்கு மூளை அவனிடம் இருந்தது போலும். இருப்பதிலேயே பெரிய பிளக்காகப் பிடுங்கினார்கள். அது குளிர் மிஷினுடையது. திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். பழுது ஒன்றும் இல்லை. துடைத்து, மண் படாமல் ஆணியில் மாட்டினார்கள்.

சற்று நேரத்தில் சங்கு ஊளையிட்டது. பிரிண்டர் காகிதத்தைத் துப்பத் தொடங்கியது.

"சங்கு நல்லா வேலை செய்யுது" என்றான் எத்திராஜ், நிம்மதியாக. "பிரிண்டரும் பழுதில்லை. போன்தான் பாக்கி."

காதில் பஞ்சை வைத்துக்கொண்டு கம்பெனிக்குப் போன் போட்டான். ஒரு பெண் எடுத்தாள். சங்கும் பிரிண்டரும் ஓடுது, மேனேஜர் போனுக்குத்தான் செய்தி வரலை என்று சொன்னான்.

"பிரிண்டர்ல என்ன சார் வருது?"

"செய்தி வருது மேடம்."

"என்ன செய்தி?"

எத்திராஜ் நிமிர்ந்து உட்கார்ந்தான். "மேனேஜருக்கு வர்ற செய்தியை நாங்க படிக்கறதில்லை மேடம். அந்தப் பழக்கமே கிடையாது."

அந்தப் பெண் பிரிண்டரை அதோடு விட்டுவிட்டாள். பிறகு, "செய்தி எந்த நம்பருக்குப் போகுதுன்னு திரையில பாருங்க" என்றாள்.

சூசை நம்பரை வாசித்தான். எத்திராஜ் திரும்பினான். "டேய், இது உன் நம்பர்தானே?"

"ஆமாண்ணே" என்றான் பொன்னுரங்கம். "'என் நம்பரைப் போடு'ன்னு மேனேஜர் சொன்னார். நானும் என் நம்பரைத்தான் போட்டேன்."

"அப்ப உனக்குச் செய்தி வந்துச்சா?"

"வந்துகிட்டே இருக்குண்ணே. யாரோ பாவம், சூடு ஏறுது ஏறுதுன்னு அனுப்பறாங்க. நெத்தியில ஈரத்துணி போடுங்கன்னு நானும் பதில் போட்டுகிட்டே இருக்கேன். கேட்டாத்தானே!"

"அனுப்பறது இந்தக் கம்ப்யூட்டர்டா! அதுக்குத்தான் காய்ச்சல்!"

அந்தப் பெண் சொல்லச் சொல்ல எத்திராஜ் நம்பரை மாற்றினான். சூசை துண்டை நனைக்க ஓடினான்.

தணிகாசலம் பட்டு வேட்டியோடு வந்து இறங்கியபோது கம்ப்யூட்டரின் தலையில் ஈரத்துணி இருந்தது. சூசை விசிறிக்கொண்டிருந்தான். தொட்டியில் பால் தயிராகியிருந்தது. அவர் ஆணியைப் பார்த்தார், பிளக்கைப் பார்த்தார், தானே எடுத்துச் சுவரில் சொருகினார்.

"மூணு பேரும் வீட்டுக்குப் போங்கடா!"

எத்திராஜ் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே போனான். ஏறி மிதிக்க மனசில்லை.

மறுநாள் காலையில் பொன்னுரங்கம் அவன் வீட்டு வாசலில் வந்து நின்றான். "வீட்டுக்குப் போகச் சொன்னார், போனோம். திரும்பி வரக்கூடாதுன்னு சொன்னாராண்ணே?"

எத்திராஜ் நன்றாக யோசித்துப் பார்த்தான். சொல்லவில்லை. அவனுக்கு உயிர் வந்தது. சைக்கிளை எடுத்தான். வழியில் சூசையையும் ஏற்றிக்கொண்டார்கள்.

நிலையத்துக் கதவைத் திறந்ததும் போன் அடித்தது; மேனேஜர்தான். "கதவு திறந்திருக்குன்னு செய்தி வருது! யாருடா உள்ளே?"

"வந்துடுச்சா சார்? வந்துடுச்சாம்டா!" மூவரும் கட்டிப்பிடித்துக் குதித்தார்கள். தன் வேலை பிழைத்துவிட்டது என்று எத்திராஜுக்குக் கண்ணே கலங்கிவிட்டது.

"அண்ணே, அவசரப்படாதீங்க" என்றான் சூசை. "கதவு திறந்தது போயிடுச்சு, சரி. சூடு ஏறினா போகுதான்னு பார்க்க வேண்டாமா?"

நியாயமாகத்தான் பட்டது. எத்திராஜ் போய்ப் பெரிய பிளக்கைப் பிடுங்கினான்.