மீன் மறக்காத கழுத்திறகு

அந்தக் காலத்தில், பறவையும் மீனும் மனுஷனோடு வாய்விட்டுப் பேசின. அப்போது மலை ஓடை ஒன்றில் ஒரு டிரவுட் மீன் இருந்தது. உடம்பெல்லாம் புள்ளி. தண்ணீரில் ஒரு நிழல் விழுந்தால் போதும், கல்லுக்கடியில் பாய்ந்துவிடும். எந்தத் தூண்டிலிலும் அகப்பட்டதில்லை.

ஒரு மழைநாளில் கரையில் மேய்ந்த சேவல் வெள்ளத்தில் விழுந்தது. மீன்தான் அதை முதுகால் முட்டி முட்டிக் கரை சேர்த்தது.

"மச்சான், உயிர் கொடுத்தாய். இனி உன் வயிறு என் பொறுப்பு. என் கழுத்திறகு மிதந்தால் பயப்படாமல் மேலே வா. பக்கத்திலேயே பூச்சி கிடக்கும்" என்றது சேவல்.

"விடியுமுன்னே ஊரை எழுப்புகிற வாயாயிற்றே. நம்பலாமா?"

"கூவுகிற வாய்தான். காட்டிக்கொடுக்கிற வாய் இல்லை."

அப்படியே நடந்துவந்தது. சேவல் இறகைப் போடும். மீன் மேலே வந்து பூச்சி தின்னும்.

கெம்பன் என்ற தூண்டில்காரன் இதை மறைந்திருந்து பார்த்தான். சேவலின் பெட்டையைப் பிடித்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்தான்.

"கழுத்திறகைக் கொடு. இல்லையென்றால் இவள் இன்றைக்குக் குழம்பு."

சேவல் இங்குமங்கும் நடந்தது. பெட்டையைப் பார்த்தது, ஓடையைப் பார்த்தது, மறுபடி நடந்தது. கொடுத்துவிட்டுப் பிறகு ஒரு கூவல் கூவியிருந்தால்கூட மீன் கல்லுக்கடியில் போயிருக்கும். கூவவில்லை. குனிந்து கழுத்தை நீட்டியது.

கெம்பன் கைநிறைய இறகைப் பிடுங்கிக்கொண்டு பெட்டையை விட்டான். ஓர் இறகைத் தூண்டில் முள்ளில் சுற்றி நூலால் கட்டினான். அது நனையாமல், ஈ உட்கார்ந்ததுபோல் மிதந்தது. மீன் நம்பி மேலே வந்தது. முள் உதட்டில் ஏறியது. துள்ளித் துள்ளி நூலை அறுத்துக்கொண்டு தப்பியது. ஆனால் உதடு கிழிந்துவிட்டது.

மறுநாள் சேவல் தண்ணீர் குடிக்கக் குனிந்தது.

"வா மச்சான்" என்றது உள்ளேயிருந்து ஒரு குரல்.

சேவல் விருட்டென்று தலையைத் தூக்கியது. "பெட்டைக்காகத்தான்..."

"கூவியிருக்கலாமே" என்றது மீன். "உன் கழுத்து இந்தத் தண்ணீரைத் தொடட்டும், கடிப்பேன். நான் செத்தாலும் என் பிள்ளைகள் கடிக்கும்."

கரையில் உட்கார்ந்திருந்த கெம்பன் சிரித்தான். "கடிக்கட்டும்" என்று சொல்லிக்கொண்டே அடுத்த இறகை முள்ளில் சுற்றினான்.

அன்று முதல்தான் சேவல் ஒவ்வொரு மிடறுக்கும் தலையைத் தூக்கிக்கொள்கிறது. டிரவுட் மீனும் பசியில்லாத வேளையில்கூட மிதக்கிற சேவலிறகைப் பாய்ந்து கவ்வுகிறது, உள்ளே முள் இருப்பது தெரிந்தும்.