அரசர் கொடுத்த விடுதலை

கீழைநாட்டுக்கும் மேலைநாட்டுக்கும் நடுவில் ஒரு மலை. அதன் அடிவாரத்தில் அடிகள் ஒருவரின் மடம். இரண்டு நாட்டிலும் அவருக்குச் சீடர்கள் உண்டு. அவர்களில் வடிவாச்சி என்ற அம்மாளுக்குக் கொஞ்சம் வாய் அதிகம். மனசில் பட்டதை அடிகளிடமே பட்டென்று கேட்டுவிடுவாள்.

ஒரு நாள் காலையில் அவள் அழுதுகொண்டே ஓடிவந்தாள்.

"சுவாமி, என் தம்பி திருமேனியைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள்."

"யார்?"

"கீழைநாட்டு அரசருடைய ஆட்கள். 'ஏரி மதகை அரண்மனைத் தோப்புக்கு மட்டும் திறந்தால் எங்கள் வயல் என்ன ஆவது' என்று சந்தையில் கேட்டானாம். அவ்வளவுதான் சுவாமி. அடித்தானா, திருடினானா? வாயைத் திறந்தான், கொண்டுபோய்விட்டார்கள்."

அடிகள் கைத்தடியை எடுத்துக்கொண்டார்.

"வா, போவோம்."

கீழைநாட்டுத் தலைநகரில் நீதிமன்றம் இருந்தது. சும்மா சொல்லக்கூடாது, மேலைநாட்டு நீதிமன்றத்தைவிடப் பெரிய கட்டடம். தூணெல்லாம் பளபளவென்று இருந்தன. அடிகளைக் கண்டதும் நீதிபதி எழுந்து நின்றார்.

"திருமேனி செய்த குற்றம் என்ன?" என்று அடிகள் கேட்டார்.

"எனக்கு யாரும் சொல்லவில்லையே, சுவாமி."

"விசாரணை எப்போது?"

"அரண்மனையிலிருந்து அனுப்பினால் விசாரிப்பேன். அனுப்பாவிட்டால் நான் என்ன செய்யட்டும்?"

"நீங்களே கூப்பிட்டுக் கேட்கக்கூடாதா?"

நீதிபதி வாசல் பக்கம் ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

"எனக்கு முன்னால் இந்த நாற்காலியில் இருந்தவர் அப்படித்தான் கேட்டார். அவர் இப்போது எங்கே இருக்கிறார் என்று எனக்குத் தெரியாது."

அடுத்த தெருவில் மக்கள் சபை. அங்கே வாசல் திறந்திருந்தது. உள்ளே ஒரே ஓர் உறுப்பினர் விசிறிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"மதகைப் பற்றிச் சபையில் பேசினீர்களா?"

"அரசர் பேசச் சொன்னதைப் பேசுவோம், சுவாமி. மதகைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை."

"உங்களை இங்கே அனுப்பியது ஊர் மக்கள்தானே?"

"அவர்கள்தான் கை தூக்கினார்கள். யாருக்குத் தூக்க வேண்டும் என்று அரண்மனையில் சொல்லியிருந்தார்கள்."

பாவம், மனிதர் ஒளிவுமறைவு இல்லாமல்தான் சொன்னார். வடிவாச்சிக்குப் பொறுமை போய்விட்டது.

"இவர்களிடம் என்ன பேச்சு சுவாமி? நேரே அரசரிடமே போவோம்!"

அரசர் சிங்காசனத்தை விட்டு இறங்கி வந்து அடிகளின் காலில் விழுந்தார். அது நடிப்பு இல்லை. அடிகள்மேல் அவருக்கு உண்மையிலேயே பக்தி.

"ஓர் ஆளை அனுப்பிச் சொல்லியிருந்தால் போதாதா சுவாமி? இந்த வயதில் இவ்வளவு தூரம் நடக்கலாமா?"

விஷயத்தைக் கேட்டதும் காவலனைப் பார்த்துக் கையை அசைத்தார். கொஞ்ச நேரத்தில் திருமேனி வந்து நின்றான். வடிவாச்சி அவனைக் கட்டிக்கொண்டு, அரசர் இருக்கிறார் என்றுகூடப் பார்க்காமல் ஓவென்று அழுதாள்.

அடிகள் அரசரிடம் கேட்டார்: "இவன் செய்த குற்றம் என்ன?"

"அதெல்லாம் எதற்கு சுவாமி? மன்னித்துவிட்டேன்."

"எதை மன்னித்தீர்கள்?"

அரசர் சிரித்தார்.

"நீங்கள் கேட்டு நான் இல்லை என்பேனா? இன்னும் யாராவது வேண்டுமா, பெயரைச் சொல்லுங்கள். இப்போதே விடுகிறேன்."

அடிகள் திருமேனி வந்த வாசலைப் பார்த்தார்.

"உள்ளே இருப்பவர்களின் பெயர் எனக்குத் தெரியாதே."

"பெயர் தெரியாமல் யாரை விடுவது, சுவாமி?" என்றார் அரசர். நிஜமாகவே புரியாமல்தான் கேட்டார்.

திரும்பும் வழியில் வடிவாச்சிக்குக் கால் தரையில் படவில்லை.

"அரசர் என்றால் இவரல்லவா அரசர்! மேலைநாட்டில் நெசவாளி சேந்தனைப் பிடித்தபோதும் நீங்கள் போய்க் கேட்டீர்களே, அந்தத் தலைவர் என்ன சொன்னார்? 'எனக்கு அந்த அதிகாரம் இல்லை, நீதிமன்றத்தில் போய்ச் சொல்லுங்கள்.' ஒரு மகானிடம் பேசுகிற பேச்சா அது? ஊரார் ஓட்டுப் போட்டு உட்கார வைத்த ஆள்தானே, மரியாதை எங்கிருந்து தெரியும்?"

"ஆமாம், அப்படித்தான் சொன்னார்."

"நீதிமன்றத்திலாவது மதித்தார்களா? ஆடு திருடினவனை விசாரித்து முடித்த பிறகுதான் நம்மைக் கூப்பிட்டார்கள். அதுவரைக்கும் வெயிலில் நின்றோம்."

"எனக்குக் கால் வலித்தது," என்று அடிகளும் ஒத்துக்கொண்டார். "பிறகு என்ன நடந்தது?"

"நீங்களும்தானே இருந்தீர்கள்! 'எந்தச் சட்டப்படி பிடித்தீர்கள்' என்று நீதிபதி கேட்டார். காவலர்கள் திருதிருவென்று விழித்தார்கள். தலைவரைப் பொய்யர் என்று சந்தையில் கத்தினான், அதனால் பிடித்தோம் என்றார்கள். அது குற்றமே இல்லை என்று சொல்லி விட்டுவிட்டார்."

"சேந்தன் இப்போது என்ன செய்கிறான்?"

"அவனா? அதே சந்தையில் நின்றுகொண்டு அதே தலைவரைக் கண்டபடி திட்டிக்கொண்டிருக்கிறான். அடங்குகிற ஆளா அவன்!"

அடிகள் திருமேனியின் பக்கம் திரும்பினார். சிறையை விட்டு வந்ததிலிருந்து அவன் வாயே திறக்கவில்லை.

"திருமேனி, அந்த மதகு விஷயம் என்ன ஆயிற்று?"

பாதையில் ஆள் இல்லை. இரண்டு பக்கமும் முள்காடு. அப்படியும் அவன் ஒருமுறை பின்னால் திரும்பிப் பார்த்தான்.

"எந்த மதகு, சுவாமி?"

வடிவாச்சி நின்றுவிட்டாள்.

"என்னடா இது? உன் வயல்தானேடா காய்ந்துகொண்டிருக்கிறது? அரசரே மன்னித்துவிட்டார். இன்னும் என்ன பயம்?"

அவன் தலை குனிந்துகொண்டான். அவள் அவன் தோளைப் பிடித்து உலுக்கினாள். பிறகு அடிகளிடம் திரும்பினாள்.

"நீங்களே சொல்லுங்கள் சுவாமி. இனிமேல் இவனை யார் தொடப்போகிறார்கள்?"

"அரசருக்கு என்மேல் மதிப்பு இருக்கிறவரைக்கும் யாரும் தொடமாட்டார்கள்," என்றார் அடிகள். "எனக்கு எண்பது வயதாகிறது, அம்மா."