கடைசி ஆள் கம்பு

மலை இறங்கி முடிகிற இடத்தில், கணவாய்க்கு இந்தப் பக்கம், உச்சினி ஆசானின் சிலம்பக் களம் இருந்தது. செம்மண்ணைச் சலித்துக் கொட்டி, தண்ணீர் தெளித்து, மிதித்து இறுக்கிய வட்டத் தரை. சுற்றிலும் சுண்ணாம்புக் கோடு. கோட்டுக்கு வெளியே உச்சினி மூத்தவர்களை அண்ணே என்பாள், அக்கா என்பாள். கோட்டுக்குள் கால் வைத்துவிட்டால் அவள் ஆசான். அங்கே எல்லாருக்கும் பேர் மட்டும்தான்.

சீடர்கள் பன்னிரண்டு பேர். பாதிப் பேருக்கு அவளைவிட வயது கூட. ஆவுடைக்கு ஐந்து வயது கூட.

பங்குனி கடைசி நாள் காலையில் அங்கே பயிற்சி கிடையாது. அன்று கை கொடுக்கிற நாள். ஒவ்வொருவராக ஆசான் முன்னால் உட்கார்ந்து மணிக்கட்டை நீட்ட வேண்டும். போன வருசம் என்ன கிடைத்தது, வருகிற வருசம் என்ன வேண்டும், இரண்டையும் சொல்ல வேண்டும். சொல்கிற நேரம் ஆசானின் மூன்று விரல்கள் நாடியின் மேல் இருக்கும். வாய் சொன்னதைக் கை ஒத்துக்கொண்டால் அவள் தலையசைப்பாள். இல்லையென்றால், இன்னொரு தடவை சொல்லு என்பாள். ஏழு தடவை சொன்னவர்களும் உண்டு.

எல்லாம் முடிந்த பிறகு ஒருவருக்கு மட்டும் கடைசி ஆள் கம்பு கிடைக்கும். அது வேப்பமரத்து ஆணியில் தொங்கும். எண்ணெய் குடித்துக் கறுத்த மூங்கில்.

ஊர்க்காரர்கள் மாதத்துக்கு இரண்டு தடவை கூட்டமாகக் கணவாயைக் கடந்து அந்தப் பக்கத்துச் சந்தைக்குப் போய்வருவார்கள். முன்னால் துணைக்கு நடக்கக் களத்து ஆட்கள் நாலைந்து பேர் போவார்கள். பின்னால், அந்தக் கம்போடு, ஒரே ஒரு ஆள். சுமை தாங்காமல் பின்தங்குகிறவர்கள், கால் வலித்து உட்கார்ந்துவிடுகிற பிள்ளைகள், அவர்களைத் தூக்கிக்கொண்டு மூச்சு வாங்குகிற தாய்மார்கள். இவர்களுக்கும் காட்டுக்கும் நடுவில் அந்த ஒரு ஆள்தான். சிறுத்தை எப்போதும் கூட்டத்தின் வாலைத்தான் பார்த்துக்கொண்டிருக்கும்.

ஆவுடைக்கு அந்தக் கம்பு வேண்டும்.

போன சித்திரையில் அவளும் அந்தக் கூட்டத்தின் வாலில் நடந்தாள். கையைப் பிடித்தபடி நாலு வயது மகள் பவளம். ஒரு திருப்பத்தில் பாதைக்குக் குறுக்கே சிறுத்தை நின்றது. கடைசி ஆள் இன்னும் திருப்பத்துக்குப் பின்னால் இருந்தார். ஆவுடை பிள்ளையைத் தூக்கவில்லை. ஓடவில்லை, கத்தவும் இல்லை. கால் மண்ணோடு மண்ணாக நின்றுவிட்டது. உப்புச் சுமைக்காரர் ஒருவர் மூட்டையைப் போட்டுவிட்டுப் பாய்ந்து பிள்ளையைப் பிடுங்கிக்கொண்டு ஓடினார். சிறுத்தை என்ன நினைத்ததோ, திரும்பிப் போய்விட்டது.

பவளத்துக்கு ஒரு கீறல்கூட இல்லை. அன்றைக்கே ஆவுடை அந்தப் பக்கத்தில் இருக்கும் தங்கை வீட்டில் பிள்ளையை விட்டாள். என் கூட இவள் இந்தக் காட்டைத் தாண்ட வேண்டாம் என்று சொல்லிவிட்டுத் தனியாகத் திரும்பி வந்தாள். வீட்டுக்குக்கூடப் போகாமல் நேரே களத்துக்கு வந்து, பயம் போகணும் என்று கேட்டாள். உச்சினி ஒரு கம்பை எடுத்துக் கொடுத்தாள்.

ஒரு வருசம் ஆகிவிட்டது. கம்பு படிந்துவிட்டது. ஒரு குறை மட்டும் போகவில்லை. நாலடி வைத்தால் ஒரு தடவை திரும்பிப் பின்னால் பார்ப்பாள். பனையேறி சங்கிலி அதைப் பார்க்கிறபோதெல்லாம், "யார் வாறா, மாமியாரா?" என்று கேட்பான். எல்லாரும் சிரிப்பார்கள். உச்சினி சிரித்ததும் இல்லை, திருத்தியதும் இல்லை.

நாடி துள்ளினால் கம்பு கிடையாது என்பது சீடர்களிடம் உள்ள பேச்சு. ஆசான் வாயால் அதை யாரும் கேட்டதில்லை. ஆனாலும் பழைய ஆள் புது ஆளுக்குச் சொல்லிச் சொல்லி அது சட்டமாகிவிட்டது.

ஆவுடையின் அப்பா நாட்டு வைத்தியர். வேலைக்குப் போகப் பிடிக்காத ஒருவன் அக்குளில் எலுமிச்சங்காயை இடுக்கிக்கொண்டு, நாடியை மெலிய வைத்து, வைத்தியரான தன்னையே ஏமாற்றிய கதையை அவர் சிரித்துச் சிரித்துச் சொல்லியிருக்கிறார். பங்குனி கடைசி நாள் காலையில் ஆவுடை புறக்கடை மரத்தில் நல்ல கெட்டியான காயாகப் பார்த்து ஒன்று பறித்தாள்.

முதலில் சங்கிலி உட்கார்ந்தான். ஒற்றைக் கையால் பனைமரத்தைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறவன். கணவாயில் சிறுத்தையைப் பார்த்தால் அதன் காதைத் திருகிவிடுவான் என்று பேச்சு. போன வருசம் இரட்டைக் கம்பு கைவந்தது என்றான். எதைக் கண்டும் பயமில்லை, வருகிற வருசம் கடைசி ஆளாக நடக்க வேண்டும் என்றான். மூன்று வருசமாக அவன் கேட்பது அதைத்தான்.

உச்சினி வெகுநேரம் விரலை எடுக்கவில்லை.

"கை ஒத்துக்கிடுது. குளத்துத் தண்ணி மாதிரி இருக்கு. உனக்குப் பயமே இல்ல, சங்கிலி" என்றாள்.

எல்லாரும் வேப்பமரத்தைப் பார்த்தார்கள். உச்சினி அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. அடுத்த ஆள் என்றாள். சங்கிலி தலையைச் சொறிந்துகொண்டு எழுந்து போனான். வேறு என்ன குறை கண்டாளோ என்று ஆளாளுக்கு முணுமுணுத்தார்கள்.

கடைசியாக ஆவுடை போய் உட்கார்ந்தாள். காய் அக்குளில் இருந்தது. கையை நீட்டும்போதே மேற்கையை விலாவோடு சேர்த்து நன்றாக அழுத்திக்கொண்டாள்.

உச்சினி மூன்று விரலை வைத்தாள். எடுத்து, மறுபடியும் வைத்தாள். இடம் மாற்றி வைத்தாள்.

ஆவுடை சொல்ல வேண்டியதை மளமளவென்று சொல்லி முடித்தாள். போன வருசம் பயம் போய்விட்டது. வருகிற வருசம் கடைசி ஆளாக நடக்க வேண்டும்.

"ஆவுடை."

"ஆசானே."

"நீ செத்துப்போயிட்டே."

சங்கிலிதான் முதலில் சிரித்தான். உச்சினி சிரிக்கவில்லை. விரல்களை எடுக்காமலே, இந்தக் கையில் ஆளே இல்லை என்றும், பயம் சுத்தமாகப் போன கை இப்படித்தான் இருக்கும் என்றும் மெதுவாகச் சொன்னாள். பிறகு அந்தக் கையைத் தூக்கச் சொன்னாள்.

காய் விழுந்து, செம்மண்ணில் உருண்டு, சுண்ணாம்புக் கோட்டைத் தொட்டு நின்றது.

 ஆவுடைக்குக் காது இரண்டும் சுட்டது. தங்கை வீட்டு வாசலில் உட்கார்ந்து வழி பார்க்கிற பவளம் ஒரு கணம் கண்ணில் வந்து போனாள். கம்பு இல்லையென்றால் பிள்ளையைக் கூட்டிவர இன்னும் ஒரு வருசம். அல்லது எப்போதுமே முடியாமல் போகலாம். எழுந்து போய்விடலாம் என்று தரையில் கையை ஊன்றினாள்.

"உக்காரு. வைத்தியர் மகதானே? என் கையைப் பாரு."

உச்சினி தன் மணிக்கட்டை நீட்டினாள்.

சீடர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஆசானின் கையை அதுவரை யாரும் பிடித்ததில்லை. அப்பா சொல்லிக்கொடுத்தபடி ஆவுடை மூன்று விரலைப் பதித்தாள். பதித்தவள் சட்டென்று நிமிர்ந்து உச்சினியின் முகத்தைப் பார்த்தாள். முகம் எப்போதும் போல இருந்தது. கண் இமைகூட அசையவில்லை. விரலுக்குக் கீழே, உள்ளங்கையில் அகப்பட்ட தவிட்டுக்குருவியின் நெஞ்சு மாதிரி நாடி படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது.

"காய்ச்சலா, ஆசானே?"

"இல்ல. இப்ப மண் உருண்டை எறியப் போறிய. பயமா இருக்கு."

கை கொடுத்து முடிந்ததும் ஆசான் வெள்ளைச் சேலையைத் தார் பாய்ச்சிக் கட்டிக்கொண்டு கம்போடு களத்தின் நடுவில் நிற்பாள். சீடர்கள் கோட்டைச் சுற்றி நின்று ஈர மண் உருண்டைகளை ஒரே நேரத்தில் எறிவார்கள். ஒன்பது வருசமாக அந்தச் சேலையில் ஒரு பொட்டு மண் பட்டதில்லை. அதைப் பார்க்கவே அந்தப் பக்கத்திலிருந்து ஆட்கள் வருவார்கள்.

"ஒவ்வொரு வருசமுமா?" என்று ஆவுடை கேட்டாள். 

"முத வருசம் இவ்வளவு இல்ல. அப்ப இந்தச் சேலையைப் பத்தி யாருக்கும் தெரியாதே."

உச்சினி எழுந்து, சேலையைத் தார் பாய்ச்சிக் கட்டிக்கொண்டு தன் கம்பை எடுத்தாள். நடுவுக்குப் போய் நின்று, ஆவுடை, உன் கம்பை எடுத்துக்கிட்டு என் முதுகுக்குப் பின்னால வந்து நில்லு என்றாள். இதுவரை அந்த இடத்தில் இரண்டு பேர் நின்றதில்லை. ஆவுடை போய் நின்றாள்.  ஆசானின் முதுகு அவள் முதுகைத் தொட்டபோது, அந்த முதுகுக்குள்ளும் அதே படபடப்பு ஓடுவது தெரிந்தது.

பதினோரு பேரும் உருண்டைகளை எடுத்தார்கள்.

அதற்குப் பிறகு நடந்ததை அவர்கள் பலநாள் பேசினார்கள். கம்பு சுற்றியதை யாரும் பார்க்கவில்லை. சுற்றும்போது எழுந்த காற்றைத்தான் பார்த்தார்கள். உச்சினி நின்ற இடத்தில் புகை மாதிரி ஒரு வட்டம் எழுந்தது. வண்டு இரைகிற மாதிரி ஒரு சத்தம். வந்த உருண்டைகள் அந்த வட்டத்தின் விளிம்பைத் தொட்டதும் தூளாகிச் சிதறின. செம்மண் தூள் வெயிலில் தங்கத் துகள் மாதிரி மேலே நின்றது. அது தரையில் இறங்க நேரமே கிடைக்கவில்லை. வட்டம் திரும்பத் திரும்ப ஆவுடையும் கூடவே திரும்பினாள். யாரும் சொல்லவில்லை. கால் தானாகப் போயிற்று. வழக்கம்போல ஒவ்வொரு திருப்பத்திலும் அவள் கழுத்து பின்பக்கம் போய்வந்தது.

சங்கிலி ஒரு தந்திரம் பண்ணினான். எல்லாரும் தலைக்கும் நெஞ்சுக்கும் எறிய, அவன் குனிந்து, தரையை ஒட்டி ஒன்றை விட்டான். இடுப்புக்கும் கீழே, ஒரு நாலு வயதுப் பிள்ளையின் நெற்றி உயரத்தில் அது வந்தது. உச்சினி அப்போது மறுபக்கம் பார்த்து நின்றாள்; ஆவுடைக்கு அது தோளுக்குப் பின்பக்கம்.

ஆவுடை அதைப் பார்த்தாள். திரும்பிப் பார்த்ததால் பார்த்தாள்.  கண் ஒரு தடவை இருண்டு வந்தது. அதற்கு முன்னாலேயே அவள் முட்டி மடங்கியிருந்தது. கம்பு கீழே இறங்கியிருந்தது. பட் என்று ஒரு சத்தம்.



தூள் மெல்ல அடங்கியது. உச்சினியின் சேலை வெள்ளையாகவே இருந்தது. ஆவுடையின் மடியிலும் கையிலும் சிதறிய மண். அவள் கம்பின் நுனியையும், அதில் அப்பியிருந்த ஈரத்தையும் பார்த்துக்கொண்டு மண்டியிட்டபடியே இருந்தாள். சங்கிலி கையைத் தொங்கவிட்டு நின்றான். மாமியாரைப் பற்றி அதற்குப் பிறகு அவன் பேசியதில்லை.

உச்சினி அவள் எதிரில் உட்கார்ந்து அவள் கையை எடுத்தாள். மூன்று விரலை வைத்தாள்.

"ஆள் வந்தாச்சு" என்றாள். "இப்பச் சொல்லு. போன வருசம் என்ன கிடைச்சுது?"

ஆவுடை வாயைத் திறந்தாள். சொல்லத் தயாரித்து வைத்திருந்தது ஒன்றும் அங்கே இல்லை.

"காலு" என்றாள்.

உச்சினி தலையசைத்தாள். வருகிற வருசம் என்ன வேண்டும் என்று கேட்டாள். பயம் போகணும் என்று பழக்கத்தில் நாக்குவரை வந்தது. அதை விழுங்கிக்கொண்டாள்.

"பவளத்தைக் கூட்டிட்டு வரணும்."

விரல்கள் அங்கேயே இருந்தன. பிறகு உச்சினி எழுந்து வேப்பமரத்தடிக்குப் போனாள். ஆணியிலிருந்து கறுத்த மூங்கிலை எடுத்து வந்து, ஆவுடையின் இரண்டு கையிலும் வைத்தாள்.

ஆவுடை அதைப் பிடிக்கவில்லை. அது அவள் கையில் கிடந்தது. சீடர்கள் அத்தனை பேர் மனதிலும் இருந்ததை அவளே கேட்டாள். சங்கிலிக்குப் பயம் இல்லை. மூன்று வருசமாகக் கேட்கிறான். எனக்கு இன்னும் போகவில்லை. இதோ, இப்போதும் அடித்துக்கொள்கிறது. தெரிந்தும் எனக்கு எதற்கு?

உச்சினி கோடுவரை போய், அங்கே கிடந்த எலுமிச்சங்காயை எடுத்துத் துடைத்து முந்தியில் முடிந்துகொண்டாள். பிறகு கோட்டைத் தாண்டி வெளியே நின்று சொன்னாள்.

"முன்னால நடக்கச் சங்கிலி அண்ணன் போதும், அக்கா. கடைசியில நடக்கிற ஆள் திரும்பித் திரும்பிப் பாக்கணும். பயம் இல்லாத ஆள் எதுக்குத் திரும்பிப் பாக்கப் போறாரு?"