கோமு போன வழி

சீனியம்மாள் சிஷ்யையாகச் சேர்ந்தபோது குருவைவிட அவளுக்கு வயது கூடுதல். அதனால் அவள் அவரை ஐயா என்பாள். அவர் அவளை அக்கா என்பார். யாருக்கு யார் குரு என்று புதிதாக வருகிறவர்களுக்குக் கொஞ்ச நேரம் பிடிபடாது.

குருவின் பெயர் வெயிலுமுத்து. விருதுநகர்ப் பக்கம் ஒரு சின்ன ஊரில், மூடிப்போன தட்டச்சுப் பள்ளிக்கு மேலே ஒற்றை அறையில் இருந்தார். ஒரு காலத்தில் கதை எழுதிப் பேர் வாங்கியவர். சர்க்கரை நோய் கண்ணைக் கொண்டுபோன பிறகு எழுதுவதை விட்டார். கதை கேட்பதை மட்டும் விடவில்லை. எழுதக் கற்றுக்கொடுங்கள் என்று யார் வந்தாலும் ஒரு புத்தகத்தைக் கையில் கொடுத்து, வாசிங்க என்பார். அவ்வளவுதான் பாடம். பலர் நாலைந்து நாளில் கழன்றுகொண்டார்கள். சீனியம்மாள் மட்டும் நின்றாள்.

பள்ளிக்கூடத்துச் சத்துணவுக் கூடத்தில் அவளுக்குச் சமையல் வேலை. பருப்பு மடித்து வந்த தாளையும் விரித்து வாசித்துவிட்டுத்தான் அடுப்பில் போடுவாள். நூலகத்தில் தன் சீட்டு போதாமல் வீட்டுக்காரர் பெயரிலும் ஒரு சீட்டு வைத்திருந்தாள். நல்ல வரி ஒன்று வந்துவிட்டால் மேலே போக மாட்டாள். புத்தகத்தை நெஞ்சோடு சேர்த்து வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் சும்மா இருப்பாள். ஒரு மனுசன் இப்படியும் எழுத முடியுமா என்று மலைப்பாக இருக்கும்.

அந்த மலைப்புதான் அவளுக்கு வினையாகவும் வந்தது. எதை வாசிக்கிறாளோ அதுமாதிரியே எழுதுவாள். ஆற்றங்கரைக் கதை ஒன்றை வாசித்த மாதம், அவள் எழுதிய கதையில் எல்லாரும் ஆற்றில் குளித்தார்கள். வீட்டுக்காரர் வாசித்துவிட்டு, "நம்ம ஊர்ல ஆத்துல முங்கிக் குளிச்ச பொம்பளைய எங்க பாத்த? எனக்கும் காட்டு, ஒரு குடம் தண்ணி மோந்துட்டு வாரேன்" என்றார்.

சிரிப்புத்தான். ஆனால் அது அவளுக்குள் எங்கேயோ போய்த் தைத்துவிட்டது. பெரியவர்கள் எழுதியதையே திருப்பித் திருப்பி எழுதுவதற்கு நான் எதற்கு என்று நினைத்தாள். எழுதியதெல்லாம் நகல் மாதிரி இருந்தது. சோறு வடிக்கும்போதும் அதே நினைப்பு. கடைசியில், கேட்டுவிடுவது, இல்லையென்றால் விட்டுவிடுவது என்று முடிவுகட்டிக்கொண்டு அன்றைக்குச் சாயங்காலம் மாடிப்படி ஏறினாள்.

"ஐயா, நான் எழுதினதை நீங்க ஒரு நாளும் கேட்டதில்ல."

"ஆமாக்கா."

"எனக்கு எழுத வருமா, வராதா? ஒண்ணு சொல்லுங்க. வராதுன்னா இன்னையோட நிறுத்திக்கிடுதேன். இங்க வாரதையும்."

வெயிலுமுத்து கையால் தடவி மேஜையில் இருந்த பைண்டு புத்தகத்தை எடுத்து அவள் பக்கம் நகர்த்தினார்.

"நேத்து விட்ட இடத்துலருந்து வாசிங்க."

அது கடையில் வாங்கிய புத்தகம் இல்லை. வாரப் பத்திரிகையில் வந்த தொடர்கதையை வாராவாரம் கிழித்துச் சேர்த்து ஊசிநூலால் தைத்தது. கதை ஒரு பக்கம் ஓடும். இன்னொரு பக்கம் கூந்தல் தைல விளம்பரம், பாதி நகைச்சுவைத் துணுக்கு. முதல் தாள் போய்விட்டதால் எழுதியவர் பெயர்கூட அவளுக்குத் தெரியவில்லை. ஆனால் எழுத்து அப்படி ஒரு எழுத்து. கோமு என்ற பெண்ணின் கதை. ஒரு வாரமாக வாசிக்கிறாள். ஒவ்வொரு நாளும் படி இறங்கும்போது சீனியம்மாளுக்குக் கால் தரையில் பாவாது.

வருத்தத்தோடுதான் ஆரம்பித்தாள். நாலு வரியில் வருத்தம் மறந்துபோனது. கோமுவின் புருசன் சோற்றுத் தட்டை வீசி எறிகிறான். கோமு சிதறிய சோற்றைக் கூட்டி அள்ளிவிட்டு, நான் போறேன் என்று சொல்லி வாசப்படியில் நிற்கிறாள். பொழுது அப்போதுதான் விடிந்திருக்கிறது. தொடரும் என்று போட்டிருந்தது.

தாளைத் திருப்பினாள். கோமு தன் அக்கா வீட்டு முற்றத்தில் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருந்தாள்.

சீனியம்மாள் முன்னும் பின்னும் புரட்டினாள். நடுவில் ஒரு வாரம் இல்லை. சேர்க்காமலே தைத்திருக்கிறது.

சொல்லிவிடத்தான் நிமிர்ந்தாள். வெயிலுமுத்து நாற்காலியின் நுனிக்கு வந்திருந்தார். இரண்டு கையும் முழங்காலில். பார்வை இல்லாத முகத்தை அவள் குரல் வந்த திக்கில் நீட்டி, மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அந்த முகத்தைப் பார்த்து, இல்லை என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. கோமு வாசப்படியில் நிற்கிறாள். அவளை அப்படியே எப்படி விடுவது?

வாயைத் திறந்தாள். கோமு படி இறங்கினாள்.

இறங்கின நேரம் தெருக்குழாய் கொறகொறவென்று இருமியது. அன்றைக்குத் தண்ணீர் வருகிற நாள். புருசனை விட்டுவிட்டு எந்த நாளும் போகலாம். தண்ணீர் எந்த நாளும் வராது. கோமு திரும்பி உள்ளே போய்க் குடத்தை எடுத்துவந்து வரிசையில் வைத்தாள். நூல் மாதிரி விழுந்தது. கோபம் ஆறவில்லை, குடமும் நிறையவில்லை. பக்கத்திலேயே நின்றாள். புருசன் வாசலுக்கு வந்தான். என்ன பேசுவதென்று தெரியாமல், "வடிகட்டத் துணி கட்டலையா?" என்று கேட்டான். அவள் துணி கட்டினாள். குடிக்கிற பானையை நிறைத்தாள். குளிக்கிற தொட்டியை நிறைத்தாள். அவன் குடிக்கிற செம்பையும் நிறைத்து மூடி வைத்தாள். பிறகு ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு, ஒரு பையும் எடுக்காமல் தெருவில் இறங்கி நடந்தாள். முக்குத் திரும்பும்போது பார்த்தாள். அவன் அந்தச் செம்பைக் கையில் எடுத்துவந்து, அதையே பார்த்துக்கொண்டு வாசலில் நின்றான். அக்கா வீட்டுக்குப் போய்ச் சேரும்போது வெயில் சாய்ந்துவிட்டது. நடந்ததைக் கேட்டுவிட்டு அக்கா கேட்டாள்: "விடியக்காலம் சண்டை போட்டவ, இந்நேரமா வார?" கோமு சொன்னாள்: "தண்ணி வந்துருச்சுக்கா."

அதோடு சீனியம்மாளுக்குக் குரல் நின்றது. புத்தகம் மடியில் கிடந்தது. எவ்வளவு நேரமாக அதைப் பார்க்காமல் பேசியிருக்கிறாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

வெயிலுமுத்து நாற்காலி நுனியிலேயே இருந்தார். கீழே தெருவில் ஒரு சைக்கிள் மணி அடித்துக்கொண்டு போனது.

"அந்தச் செம்பை மூடி வெச்ச இடத்த இன்னொரு தடவ வாசிங்கக்கா" என்றார்.

சீனியம்மாளுக்குக் கண்ணில் தண்ணீர் கட்டிவிட்டது.

"அப்படி ஒரு பக்கமே இதுல இல்ல ஐயா. மன்னிச்சிருங்க."

"தெரியும்."

"தெரியுமா?"

"தைச்சது நான்தானே. அந்த வாரம் மழையில ரயில் வரல. பத்திரிகையும் வரல. வெளியூர்ல படிச்சவங்க ஒண்ணு ரெண்டு பேரு அந்த வாரக் கதையச் சொல்ல வந்தாங்க. வேண்டாம்னுட்டேன்."

"ஏன்?"

"நானே எழுதிப் பாக்கணும்னு ஒரு திமிரு. எழுதவும் எழுதினேன். கோமுவ அழ வெச்சேன். கிணத்தடியில கொண்டுபோய் நிறுத்தினேன். பஸ் ஏத்தி விட்டேன். எத்தனையோ விதமாக் கூட்டிட்டுப் போனேன். அக்கா வீட்டு முத்தத்துக்கு வந்ததும் சிரிக்க மாட்டேன்னுட்டா."

சீனியம்மாள் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். வந்த காரியம் நினைவுக்கு வந்தது.

"நான் கேட்டதுக்கு நீங்க இன்னும் ஒண்ணும் சொல்லலையே ஐயா."

வெயிலுமுத்து நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தார்.

"அடுத்த பக்கத்தத் திருப்பிச் சத்தமா வாசிங்க அக்கா. இத்தனை வருசமா அவ எதுக்குச் சிரிச்சான்னு தெரியாமலே கேட்டுட்டிருந்தேன்."