பின் சீட்டு மணல் மூட்டை

"டீச்சர், இந்த ரெண்டு வண்டியில எது முதல்ல போய்ச் சேரும்?"

கேட்டவர் வைரமணி. ஐம்பதைத் தாண்டியவர். ஒரு கார் பத்திரிகைக்காகப் புது வண்டிகளை ஓட்டிப் பார்த்து எழுதுகிறவர்.

அவர் டீச்சர் என்று கூப்பிட்டது பிலோமினாவை. அவரைவிடப் பத்து வயதாவது இளையவள். சோதனை ஓட்டத் தடத்தில் ஓட்டுநர்களுக்குப் பயிற்சி கொடுப்பவள். பேச்சு குறைவு. பேசினாலும் கேள்வியாகத்தான் கேட்பாள். பலருக்கு அது எரிச்சல். ஆனாலும் அவளிடம்தான் வருவார்கள்.

தடத்தின் ஓரத்தில் இரண்டு கார்கள் நின்றன. வெள்ளை, முழுக்க மின்சாரத்தில் ஓடுவது. நீலம், பெட்ரோலும் மின்சாரமும் கலந்தது.

"ஓட்டிப் பார்த்தீங்களா அண்ணே?"

"விடிஞ்சதுல இருந்து அதைத்தான் பண்றேன். வெள்ளை, காலை வெச்சதுமே பாயுது. நூறைத் தொட அஞ்சு செகண்ட்கூட ஆகல. நீலத்துக்கு எட்டு ஆகுது."

"அப்ப வெள்ளைதானே?"

"அங்கதான் இடிக்குது. வெள்ளை நூத்தி அறுபதுக்கு மேல போகமாட்டேங்குது. கம்பெனிக்காரனே பூட்டுப் போட்டு வெச்சிருக்கான். நீலம் இருநூறைத் தாண்டுது. கிட்டத்துல போகணும்னா வெள்ளை. தூரமா போகணும்னா நீலம்."

"அப்படியே எழுதிடலாமே."

"எழுதுறதுக்கு இல்ல டீச்சர். எனக்குத் தெரியணும். எது முதல்ல போய்ச் சேரும்?"

மூன்று வருடங்களாக எந்த இரண்டு வண்டிகளைக் கொண்டுவந்தாலும் மனிதர் கடைசியில் இந்தக் கேள்வியில்தான் வந்து நிற்பார். பிலோமினா எதையாவது சொல்லி அனுப்பிவிடுவாள். அன்றைக்கு அனுப்பவில்லை.

"எங்க போய்ச் சேரணும்?"

வைரமணி தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

"உத்திரமேரூர்ல இருந்து செங்கல்பட்டு."

"செங்கல்பட்டுல எங்க?"

"ஆஸ்பத்திரிக்கு."

பிலோமினா அவர் பக்கம் முழுதாகத் திரும்பினாள்.

"என் சம்சாரம் மரகதம். மத்தியானம் சாப்பிட்டுட்டு இருக்கும்போதே நெஞ்சு வலின்னா. ஆம்புலன்ஸ் வர நேரமாகும்னாங்க. பழைய டீசல் வண்டி ஒண்ணு வெச்சிருந்தேன். பின் சீட்டுல படுக்க வெச்சு நானே ஓட்டிட்டுப் போனேன். உள்ள கொண்டு போனாங்க. கொஞ்ச நேரத்துல டாக்டர் வெளிய வந்தார். கொஞ்சம் முன்னாடி வந்திருந்தா பார்த்திருக்கலாம்னார்."

தொப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அந்தக் கொஞ்சம் எந்த வண்டியில இருக்குன்னு தேடிட்டிருக்கேன். கிடைச்சா, தப்பு வண்டி மேலன்னு விட்டுடுவேன். கிடைக்கலன்னா என் மேலதான்."

மரகதம் இறந்த அன்றைக்கு இந்த இரண்டு வண்டிகளும் விற்பனைக்கே வந்திருக்கவில்லை. அதைச் சொல்ல ஒரு பள்ளிக்கூடப் பிள்ளை போதும். பிலோமினா அதைச் சொல்லவில்லை.

"மெதுவா ஓட்டினீங்களா?"

"ஆமா."

"ஏன்?"

வைரமணி வெள்ளை வண்டியின் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

அவள் அதன் பின் கதவைத் திறந்தாள். பின் சீட்டில் ஒரு மணல் மூட்டை இருந்தது. வண்டியைச் சோதிக்கிறவர்கள் ஆளுக்குப் பதிலாக மணல் மூட்டை ஏற்றுவது வழக்கம். டிக்கியில் போட்டு மூடிவிடுவார்கள். இவர் மட்டும் பின் சீட்டில் உட்காரவைத்து பெல்ட்டும் போட்டிருந்தார்.

"இது எத்தனை கிலோ?"

"அவ எடை."

பிலோமினா பெல்ட்டைக் கழற்றினாள். மூட்டையை இரண்டு கையாலும் அணைத்துத் தூக்கி, தடத்தின் ஓரம் இறக்கி வைத்தாள். ஆளை இறக்குவதுபோல் பதமாகத்தான் வைத்தாள்.

"இத்தனை வண்டி பார்த்திருக்கீங்களே. ஓடுற வண்டியில பின் சீட்டுல இருந்திருக்கீங்களா?"

வைரமணி யோசித்தார். பின் சீட்டில் கால் நீட்ட எவ்வளவு இடம் இருக்கிறது என்று டேப் வைத்து அளந்திருக்கிறார். மெத்தையை அழுத்திப் பார்த்திருக்கிறார். எல்லாம் நின்ற வண்டியில்.

"இல்ல டீச்சர்."

"படுங்க."

உயரமான மனிதர். முழங்காலை மடக்கிப் படுத்தார். பிலோமினா இரண்டு பெல்ட்டுகளை அவர்மேல் குறுக்காகப் போட்டு மாட்டிவிட்டு முன்னால் போய் உட்கார்ந்தாள்.

வண்டி பாய்ந்தது.

ஸ்டியரிங்கைப் பிடித்திருக்கும்போது இந்தப் பாய்ச்சல் அவருக்கு உற்சாகமாக இருக்கும். இப்போது சீட்டின் ஓரத்தை இறுகப் பிடித்துக்கொண்டார். சாலை தெரியவில்லை. கூரையும், ஜன்னலில் ஓடும் கொஞ்சம் வானமும்தான் தெரிந்தன. அடுத்து என்ன வரப்போகிறது என்று உடம்புக்குத் தெரியவில்லை. வளைவில் பெல்ட் விலாவை அறுத்தது. தடத்தின் கோடியில் வேகத்தடைகள் வரிசையாக இருந்தன. அங்கேயும் அவள் வேகத்தைக் குறைக்கவில்லை. ஒவ்வொன்றும் நேராக நெஞ்சில் வந்து இடித்தது.

"மெதுவா," என்றார்.

வேகம் குறையவில்லை.

"மெதுவா போங்க டீச்சர்."

பிலோமினா ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தாள். காற்றின் இரைச்சல் அடங்கியது. மின்சார வண்டி, இன்ஜின் சத்தமும் இல்லை. உள்ளே மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது.

"அன்னிக்கு அவங்க என்ன சொன்னாங்க அண்ணே?"

வைரமணி கூரையைப் பார்த்தபடி கிடந்தார். கண்ணீர் பக்கவாட்டில் வழிந்து காதுக்குள் போனது. துடைக்கவில்லை.

"மெதுவா போங்கன்னா. ரெண்டு தடவை சொன்னா. குலுங்கினா உயிர் போற மாதிரி வலிக்குதுன்னா."

"நீங்க?"

"காலை எடுத்துட்டேன்."

"எடுத்ததும்?"

வண்டி ஒரு வளைவைக் கடந்தது.

"பேச ஆரம்பிச்சா."

"என்ன பேசினாங்க?"

"கல்யாணமான புதுசுல ஸ்கூட்டர்ல போனோம். பெட்ரோல் பங்க்ல அவ இறங்கி நின்னா. நான் பெட்ரோலைப் போட்டுட்டு நேரா கிளம்பிட்டேன். பின்னாடி அவ இருக்கான்னு நினைச்சு ரெண்டு தெரு பேசிட்டே போயிருக்கேன். அதைச் சொல்லிச் சிரிச்சா. அவ்வளவு வலியிலயும் சிரிச்சா. இன்னிக்காவது நான் பின்னாடி இருக்கேனான்னு பார்த்துக்கோங்கன்னா."

"பார்த்தீங்களா?"

"கண்ணாடியில பார்த்துட்டேதான் ஓட்டினேன். ஆஸ்பத்திரி கேட் வரைக்கும் பேசிட்டே வந்தா."

இதை அவர் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. டாக்டர் சொன்ன அந்த ஒரு வரியைத்தான் தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருந்தார்.

வெள்ளை வண்டி, கிளம்பிய இடத்துக்கு ஊர்ந்து வந்தது. அங்கே நீல வண்டி நின்றது. அதன் பக்கத்தில் மணல் மூட்டை வெயிலில் கிடந்தது.

"அடுத்து நீலத்தையும் பார்த்துடலாமா?" பிலோமினா கண்ணாடியில் அவரைப் பார்த்துக் கேட்டாள்.

"வேணாம்," என்றார் வைரமணி. "இன்னொரு ரவுண்டு போங்க டீச்சர். இப்படியே."