திருச்செந்தூர் பஸ்ஸுக்கு ஓர் அன்னம்

“என் ஆராய்ச்சி செத்துப்போச்சு மேடம். ஒரு ஆளுகூட நிமிந்து பாக்கல.”

துறை அறையின் வாசலில் மூச்சு வாங்க நின்றுகொண்டு இப்படிச் சொன்னவர் இசக்கியப்பன். காட்சித் தொடர்பியல் முதுகலை, இரண்டாம் ஆண்டு மாணவர். வயது நாற்பதைத் தாண்டிவிட்டது.

உள்ளே தயிர்சாதத்துக்கு ஊறுகாயைத் தொட்டுக்கொண்டிருந்தவர் ஜெனோவா. இசக்கியப்பனின் ஆராய்ச்சிக்கு வழிகாட்டி. அவரைவிடப் பத்து வயதாவது இளையவர்.

மாணவரை ‘அண்ணாச்சி’ என்று கூப்பிடும் பேராசிரியர் அந்தக் கல்லூரியிலேயே ஜெனோவா ஒருவர்தான். வேறு எப்படித்தான் கூப்பிடுவது? ‘தம்பி’ என்றால் வகுப்பே கொல்லென்று சிரிக்கும்.

“உக்காருங்க அண்ணாச்சி. என்ன செத்துச்சு?”

“பலகை மேடம். நாலும்.”

“தண்ணி குடிங்க.”

“தண்ணி தொண்டையில இறங்காது மேடம்.”

சொல்லிவிட்டு ஒரு சொம்புத் தண்ணீரையும் குடித்தார். வெயில் அப்படி.

*

பலகைகளின் கதை இதுதான்.

ஊர்ப் பேருந்து நிலையத்தில் எந்த பஸ் எங்கே நிற்கும் என்பது பஸ்ஸுக்கே தெரியாது. ஊர்ப்பேர் எழுதிய பழைய பலகைகளின் மேல் காதுகுத்து, கல்யாணம், கண்ணீர் அஞ்சலி என்று பேனர்கள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி, கடைசியில் எழுத்தே காணாமல் போய்விட்டது. அப்படி ஏறியதில் பாதியை அடித்துக் கொடுத்தவரே இசக்கியப்பன்தான். தன் ஃபிளெக்ஸ் கடையில் பல வருஷம் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தவர் அவர்.

அங்கே அவர் வேலையை யாரும் பார்த்ததில்லை. வருகிறவர்கள் தங்கள் முகத்தை மட்டும் தேடுவார்கள். “என்னைய இன்னும் கொஞ்சம் செவப்பாக்கும்வே” என்பார்கள். ஆக்கிக் கொடுத்தால் போய்விடுவார்கள்.

தான் வரைந்த ஒன்றை, முன்பின் தெரியாத சனங்கள் நின்று நிமிர்ந்து பார்க்க வேண்டும். அந்த ஒரே ஆசையில்தான் கடையை மைத்துனர் கையில் விட்டுவிட்டு, மகள் வயதுப் பிள்ளைகளோடு பெஞ்சில் வந்து உட்கார்ந்தார்.

ஆராய்ச்சிக்கு அவர் எடுத்துக்கொண்டது அந்தப் பேருந்து நிலையத்தையே. ஒவ்வொரு நடைமேடைக்கும் ஒரு நிறம், ஒரு படம். எழுதப் படிக்கத் தெரியாதவரும் படத்தைப் பார்த்து நிற்கலாம். தென்காசியில் சாரல் அடிக்கும் என்பதால் பச்சைக் குடை. நாகர்கோவிலுக்கு மஞ்சள் வாழைத்தார். சங்கரன்கோவிலுக்கு ஆனை. திருச்செந்தூருக்கு, மயில் எல்லோரும் போடுவதுதானே என்று, நீலத்தில் அன்னம்.

அந்த அன்னத்தைப் பற்றி மட்டும் அவரிடம் கேட்டுவிடாதீர்கள். கேட்டால் அன்றைக்கு உங்கள் வேலை கெட்டது. கோயில் கோயிலாகப் போய்த் தூண்களின் முன்னால் நின்று, கழுத்து எங்கே வளைகிறது, அலகு எங்கே முடிகிறது என்று பார்த்துப் பார்த்து வரைந்தார். வரைந்ததை அழித்தார். கடைசியில் அந்த அழகையெல்லாம் நாலே கோட்டுக்குள் கொண்டுவந்து நிறுத்தினார். நிறுத்திய அன்று வீட்டில் பாயசம்.

நிலைய மேற்பார்வையாளர் கொம்பையா பலகைகளை மாட்ட அனுமதி கொடுத்தார். கூடவே ஒரு நிபந்தனையும் வைத்தார்.

“சனிக்கிழமை வரைக்கும் தொங்கட்டும். சனங்களுக்கு உபயோகம்னா விட்டுருதேன். இல்லன்னா ஏணியைப் போட்டு எறக்கிருவேன். சரியாவே?”

சரி என்றார் இசக்கியப்பன். இன்று வெள்ளி.

*

“யாரும் பாக்கலன்னு எப்படிச் சொல்லுதீய?”

“டீக்கடை பெஞ்சுல உக்காந்து ஆளாளா குறிச்சேன் மேடம். ‘பார்த்தார்’னு ஒரு கட்டம். ‘பார்க்கவில்லை’ன்னு ஒரு கட்டம். மொபைலை வேற ஸ்டாண்டுல மாட்டி வீடியோ எடுத்தேன்.”

தாளை நீட்டினார். ‘பார்க்கவில்லை’ கட்டத்தில் கோடுகள் இடமில்லாமல் ஓரத்துக்கு வழிந்திருந்தன. ‘பார்த்தார்’ கட்டம் வெறிச்சென்று கிடந்தது.

“பாக்காம என்ன செஞ்சாவ?”

“பக்கத்து ஆள்ட்ட கேக்காவ மேடம்! தலைக்கு மேல இம்புட்டுப் பெரிய பலகை தொங்குது. அதுக்கு அடியிலயே நின்னுக்கிட்டு, திருச்செந்தூர் பஸ் எங்க நிக்கும்னு அடுத்தவன்ட்ட கேக்காவ. எனக்கு வயிறு எரியுது.”

ஜெனோவா டிபன் பாக்ஸை மூடினார். கை கழுவினார். நேராக வந்து இசக்கியப்பனின் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் தன் கைப்பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்தார்.

“மேடம்! அது இல்லாம எனக்கு நீங்களே புகையாத்தான் தெரிவீய!”

“வாங்க. வண்டியில ஏறுங்க.”

“எங்க?”

“பஸ் ஸ்டாண்டுக்கு.”

“கண்ணாடி இல்லாம அங்க போயி என்னத்தைப் பாக்க?”

ஜெனோவா ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டார். அதற்குமேல் அவரிடம் பேசிப் பிரயோஜனமில்லை என்பது துறையில் எல்லோருக்கும் தெரியும்.

*

அதே டீக்கடை. அதே பெஞ்சு.

“டீ குடிங்க அண்ணாச்சி. நான் ஜெராக்ஸ் எடுத்துட்டு வாறேன்” என்று அவரை உட்கார வைத்துவிட்டு ஜெனோவா போய்விட்டார்.

இசக்கியப்பனுக்கு ஆத்திரமாக வந்தது. எண்ணெய் பட்ட தாள் வழியாகப் பார்ப்பதுபோல் இருந்தது எல்லாம். தூரத்தில் தன் பலகைகள் நாலும் வெறும் நிறத் திட்டுகளாகத் தொங்கின. யார் நிமிர்கிறார், யார் குனிகிறார் என்று ஒன்றும் தெரியவில்லை. பேனாவைச் சட்டைப் பையில் செருகிவிட்டுச் சும்மா உட்கார்ந்தார்.

பக்கத்தில் ஒரு பெண்குரல் கேட்டது.

“ஏக்கா, திருச்செந்தூர் பஸ் எங்க நிக்கும்?”

வந்துட்டாவ, என்று பல்லைக் கடித்தார்.

“அந்தா, வாத்து படம் போட்டிருக்குல்லா, அங்கன போயி நில்லு. இப்ப வந்துரும்.”

டீ கிளாஸ் வாய்க்குப் போகிற வழியில் நின்றுவிட்டது.

வாத்தா?

“தென்காசிக்கு எங்கவே நிக்கணும்?” இது ஓர் ஆண்குரல்.

“அந்தப் பச்சைக் காளான்கிட்ட போயி நில்லும்.”

காளானா! அது குடை!

எழுந்து போய்த் திருத்தலாம் என்றால் பேசியவர் யார் என்று தெரியவில்லை. இசக்கியப்பன் காதைத் தீட்டிக்கொண்டார். பெஞ்சுக்குப் பின்னால் யாரோ போனில் கத்திக்கொண்டிருந்தார்.

“எறங்கினதும் நேரா வாத்துகிட்ட வா. வாத்துலே, வாத்து! நீல வாத்து! அதுக்கு அடியிலதான் நான் நிக்கேன்.”

அப்போது ஒரு பஸ் உறுமிக்கொண்டு உள்ளே வந்தது. கண்டக்டர் படியில் தொங்கியபடி கத்தினார்.

“திருச்செந்தூர் திருச்செந்தூர்! ஏ, வழியில ஓடி வராதீங்க! வாத்துக்குப் போங்க! வாத்துக்குப் போங்க!”

காலடிச் சத்தம் தடதடவென்று நீலத் திட்டை நோக்கி ஓடியது.

இசக்கியப்பன் எழுந்தேவிட்டார். டீ பேண்டில் கொட்டியது. அது சுட்டதுகூட அவருக்குத் தெரியவில்லை. யாரும் பார்க்காத பலகையா? இந்த நிலையம் பூராவும் வாய்க்கு வாய் அதுதானே ஓடிக்கொண்டிருக்கிறது! துள்ளிக் குதிக்க வேண்டும்போல் இருந்தது. வாத்து என்றவனைப் பிடித்து நாலு அறை விடவேண்டும்போலவும் இருந்தது.

“மேடம்! மேடம்!” என்று எதிரே வந்த பெண்ணிடம் ஓடினார்.

“நான் இந்தப் பக்கம் நிக்கேன் அண்ணாச்சி” என்றார் ஜெனோவா, பின்னாலிருந்து.

“சொல்லுதாவ மேடம்! எல்லாரும் சொல்லுதாவ! ஒருத்தன் பாத்துட்டு ஊருக்கே சொல்லுதான்! கேக்கவன் பாக்கவே வேண்டாம்! நான் கண்ணையே பாத்துக்கிட்டு இருந்துட்டேன் மேடம், வாயை விட்டுட்டேன்!”

“அப்ப சந்தோஷந்தான.”

“என்ன சந்தோஷம்? வாத்துங்காவ மேடம்! அன்னத்தைப் போயி வாத்துங்காவ!”

“வாத்துகிட்ட போனவங்க பஸ் ஏறினாவளா?”

“ஏறிட்டாவ.”

“சரி.”

“என்ன சரி? கண்டக்டரும் வாத்துங்கான். நாளைக்குக் காலையிலயே ஸ்டிக்கர் அடிச்சு, கீழ ‘அன்னம்’னு கொட்டை எழுத்துல ஒட்டிருதேன். அப்ப என்ன சொல்லுதாவன்னு பாப்போம்.”

ஜெனோவா கைப்பையைத் திறந்து கண்ணாடியை எடுத்தார். துப்பட்டாவால் துடைத்தார். கொடுக்கவில்லை.

“உங்க பேரு என்ன?”

“என்ன மேடம் இது?”

“சொல்லுங்க.”

“இசக்கியப்பன்.”

“யாரு வச்சா?”

“எங்க அப்பா.”

“நான் உங்கள என்னன்னு கூப்பிடுதேன்?”

“அண்ணாச்சின்னு.”

“கூப்பிட்டா திரும்பிப் பாக்கீயளா, இல்லையா?”

கண்ணாடியை அவர் உள்ளங்கையில் வைத்துவிட்டு ஜெனோவா வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார்.

கண்ணாடியை மாட்டிக்கொண்டு, போகிற வண்டியையே பார்த்துக்கொண்டு நின்றார் இசக்கியப்பன். ஒன்றைக் கேட்டால் இன்னொன்றைக் கேட்கிற வழிகாட்டி இந்த உலகத்தில் வேறு யாருக்காவது வாய்த்திருப்பாரா என்று நினைத்துக்கொண்டார். நேரே மைத்துனர் கடைக்குப் போனார்.

*

சனிக்கிழமை காலை. ‘அன்னம்’ என்று அடித்த ஸ்டிக்கரைச் சுருட்டிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்த இசக்கியப்பனுக்குத் திக்கென்றது.

திருச்செந்தூர் நடைமேடையில் ஏணி சாத்தியிருந்தது. ஏணிமேல் ஓர் ஆள், கையில் ஸ்பேனர். அடியில் கொம்பையா. சுற்றிலும் கூட்டம்.

“சார், கழட்டாதீங்க! உபயோகமா இருக்கு சார்! என் காதால கேட்டேன்!”

“நானுந்தான் கேட்டேன்வே” என்றார் கொம்பையா. “அதனாலதான் கழட்டுதேன்.”

“சார்?”

“மனுவுல நீரு என்ன எழுதிக் குடுத்தீரு? அன்னம்னு எழுதிக் குடுத்தீரு. சனங்க வாத்துங்காவ. ஒண்ணு, நீரு வரஞ்சது தப்பு. இல்லன்னா, பாக்கவனுக்குப் புரியல. எதுவா இருந்தாலும் தப்பான படத்தை நான் தொங்கவிட முடியாது. நாளைக்கு எவனாவது வந்து என்னையத்தான் கேப்பான்.”

அதற்குள் கூட்டத்தில் மீன்கூடையோடு நின்ற ஒரு பெண் முன்னால் வந்தார்.

“ஏய்யா, வாத்தைக் கழட்டிட்டா நாங்க எங்க போயி நிக்க? எம் மருமவள வாத்துகிட்டத்தான் வரச் சொல்லியிருக்கேன்.”

“நாங்களும் வாத்துன்னுதான் எல்லாருக்கும் சொல்லி வச்சிருக்கோம்” என்றாள் ஒரு காலேஜ் பெண்.

“ஏலே, ஏணியை விட்டு எறங்குல!” என்று பின்னாலிருந்து ஒரு குரல் எழும்பியது.

ஏணிமேல் நின்ற ஆள் பாவம், ஸ்பேனரை வைத்துக்கொண்டு விழித்தார்.

“பாத்தீரா?” என்றார் கொம்பையா. “இப்பவும் வாத்துங்காவ. வரஞ்சவர் நீரு. இத்தனை பேரு முன்னால நீரே சொல்லும். மேல இருக்கது அன்னமா, வாத்தா? வாத்துன்னா இருக்கட்டும், மனுவுல திருத்திக்கிடுதேன். அன்னம்னா இப்பமே எறக்கிருவேன்.”

கூட்டம் மொத்தமும் நிமிர்ந்து பலகையைப் பார்த்தது.

மீன்காரப் பெண் பார்த்தார். காலேஜ் பெண் பார்த்தாள். வந்து நின்ற பஸ்ஸின் கண்டக்டர் படியிலிருந்து எட்டிப் பார்த்தார். யாரோ ஒருத்தியின் இடுப்பில் இருந்த குழந்தைகூடக் கழுத்தை ஒடித்துக்கொண்டு பார்த்தது. இசக்கியப்பனுக்குக் கண் கலங்கிவிட்டது. எத்தனை வருஷத்து ஆசை! நாலே கோட்டில் அவர் அன்னம் மேலே நிமிர்ந்து நின்றது. அந்தக் கழுத்து. அந்த வளைவு.

கக்கத்து ஸ்டிக்கர் கனத்தது.

“அது வந்து சார்…”

“அண்ணாச்சி!”

எங்கிருந்தோ ஒரு குரல். இசக்கியப்பன் சட்டென்று திரும்பிப் பார்த்தார்.

கூட்டத்துக்கு வெளியே, வண்டிமேல், ஹெல்மெட்டோடு ஜெனோவா உட்கார்ந்திருந்தார். வேறு ஒன்றும் சொல்லவில்லை.

இசக்கியப்பன் அவரையே பார்த்தார். பிறகு கொம்பையாவின் பக்கம் திரும்பினார். முகமெல்லாம் சிரிப்பு.

“வாத்துதான் சார்” என்றார். “அச்சு அசல் வாத்து.”