எட்டுக்கு முன் ஒரு பூஜ்யம்

ஐப்பசி அடைமழை. காலை மணி ஒன்பதரை. பேருந்து நிலையத்தின் நேரக் காப்பாளர் ஆரோக்கியசாமி, எதிரே இருந்த கணினிப் பயிற்சி நிலையத்தின் படிகளை இரண்டிரண்டாக ஏறி வந்தார். அவருக்கு வயது ஐம்பத்து நான்கு. அவருக்குச் சி மொழி கற்பித்த பொற்கொடிக்கு முப்பத்தொன்று.

“டீச்சர், நான் நிரல் எழுதின பஸ் நேரப் பலகை பொய் சொல்லுது.”

“உட்காருங்க சார்.”

அவர் உட்காரவில்லை.

“அட்டவணையில 08:15. அதைப் பன்னிரண்டு மணிக் கணக்குக்கு மாத்தினா, ‘இரவு 12:15’னு காட்டுது. பேய்ங்களுக்கும் டிக்கெட் கிழிக்கணுமான்னு கண்டக்டர் கேக்கிறான்.”

“ஏழு மணி வண்டி?”

“சரியா இருக்கு.”

“பத்து?”

“அதுவும் சரி. எட்டும் ஒன்பதும்தான் நடுராத்திரிக்கு ஓடுது. நர்சிங் படிக்கிற பொண்ணுங்க இருபது பேர் வண்டியே இல்லைன்னு நெனச்சு நின்னுட்டாங்க. பரீட்சைக்கு மேனேஜர் வேன் பிடிச்சு அனுப்பினார். பத்து மணிக்குள்ள சரியாகலேன்னா பலகையைக் கழற்றிடுவாராம். மூணு மாசம் எழுதினேன், டீச்சர்.”

நிரல் எழுதிய, நனைந்த தாளை நீட்டினார்.

பொற்கொடி நிரலை ஒருமுறை படித்தார். தாளைக் கீழே வைத்தார். இரு கைகளையும் நீட்டி, கட்டை விரல்களை மட்டும் மடக்கிக்கொண்டார்.

“பூஜ்யத்திலிருந்து எண்ணுங்க.”

“இப்பவா?”

“இப்பத்தான்.”

அவர் கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு ஒவ்வொரு விரலாகச் சுட்டினார்.

“பூஜ்யம், ஒண்ணு, ரெண்டு…”

ஏழில் விரல்கள் தீர்ந்தன.

“எட்டு?”

“விரல் இல்லையே.”

“முன்னால பூஜ்யம் இருந்தா, அது எட்டு விரல்காரன் எழுதின எண். சி மொழியில அப்படித்தான். எந்தக் கணக்குல படிக்கணும்னு நீங்க சொல்லல. நீயே பார்த்துக்கோன்னு கம்ப்யூட்டர்கிட்ட விட்டுட்டீங்க. அது பூஜ்யத்தைப் படிச்சுது. எட்டைப் பார்த்ததும் நின்னுடுச்சு. மணி பூஜ்யம்னா நடுராத்திரி.”

ஆரோக்கியசாமி தாளைப் பிடுங்கினார்.

“பத்து விரல்னு சொல்லிடணும். அவ்வளவுதானே?”

“அவ்வளவுதான்.”

அவர் படிக்கட்டை நெருங்கியிருந்தார்.

“சார், ஒரு நிமிஷம். வெறும் எட்டுன்னு எழுதியிருக்கலாமே. முன்னால பூஜ்யம் போடச் சொன்னது யாரு?”

அவர் திரும்பவில்லை.

“நீங்கதான், டீச்சர். எல்லா மணியும் ரெண்டு இலக்கமா இருக்கணும், வரிசை கோணக்கூடாதுன்னு…”

பொற்கொடியின் கட்டை விரல்கள் இன்னும் மடங்கியே இருந்தன.

பத்தடிக்க ஐந்து நிமிடம் இருக்கையில், பலகை எட்டேகாலை எட்டேகால் என்றது.

வேன் வாடகை ஆயிரத்து எண்ணூறு ரூபாய். அதை ஆரோக்கியசாமியின் சம்பளத்தில் பிடிக்க உத்தரவாயிற்று. மார்கழிச் சம்பளத்தில் பிடித்தது தொள்ளாயிரம். மற்ற தொள்ளாயிரம், பலகை சரியான அன்றே, நண்பகலுக்கு முன் அலுவலகத்தில் கட்டப்பட்டிருந்தது. ரசீதில் பொற்கொடியின் பெயர் இருந்தது.